இழுங்க, பிடிங்க, விடுங்க

என் அக்காவின் கணவருக்கு ஆஸ்பத்திரியில் "மூச்சு" என்று பெயர். ஸ்கேன் அறையில் வேலை. ஆளை மேசையில் படுக்கவைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மைக்கில் "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க..." என்பார். படம் விழுந்ததும் "விடுங்க" என்பார். நடுவில் மூச்சு விட்டால் நெஞ்சு ஆடும், படம் கலங்கிப்போகும். அதனால் அவர் "விடுங்க" சொல்லும்வரை யாரும் விடக்கூடாது. அத்தானுக்கு இதில் ஒரு ராஜகம்பீரம் உண்டு.

வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உறவில் ஒரு கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க கேமராவை அவர் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்றதும், "நகை, ஹேர்பின், கொக்கி வச்சது எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்க" என்றார். மணப்பெண் பாதி நகையைக் கழற்றிவிட்டாள். அப்புறம் "பிடிங்க" என்றார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்தப் படத்தில் இரண்டு குடும்பமும் கன்னம் உப்பி, ஏதோ சண்டைக்கு நிற்பதுபோல் இருக்கும்.

ஊரைவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கு, சின்ன வலி என்றாலும் முதலில் கூப்பிடத் தோன்றுவது அவரைத்தான். மருத்துவச் சொற்களுக்கு அவரிடம் தனி அகராதி உண்டு.

"எக்ஸ்ரேன்னா ஒரு போட்டோ, அவ்ளோதான். சிடி ஸ்கேன்னா ஆள ரொட்டி மாதிரி துண்டு துண்டா வெட்டிப் பாக்குறது, வெட்டாமயே. அல்ட்ராசவுண்ட் சத்தம் போடும், உனக்குக் கேக்காது. எம்ஆர்ஐயும் சத்தம் போடும், செத்தவனுக்கும் கேக்கும்."

ஒருமுறை என் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டேன். "அத்தான், தூக்கம் வரலாம்னு போட்டிருக்கு. அடுத்த வரியில தூக்கம் வராமலும் போகலாம்னு போட்டிருக்கு."

"ரெண்டுல ஒண்ணு நடக்கும்ல? அப்ப மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். போய்ப் படு."

எங்கள் அம்மாவிடம்தான் அவர் அகராதி தோற்றது. பிரஷர் மாத்திரைக்குப் பக்க விளைவு இருக்கும் என்று அவர் சொல்ல, "எந்தப் பக்கம் மாப்ளே?" என்று கேட்டாள் அம்மா. அவர் விளையாட்டாக "இடது பக்கம்" என்றார். அன்றிலிருந்து அம்மா வலது பக்கம் மட்டுமே ஒருக்களித்துப் படுக்கிறாள். விளைவு எதுவும் வரவில்லை என்று மாப்பிள்ளைக்கு நல்ல பெயர் வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புது சிடி மெஷின் வந்து இறங்கியது. அது தானாகவே பேசும். பல மொழி பேசும். தமிழ்ப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல், கல்வெட்டைப் படிப்பதுபோல், "ஆழ்ந்து சுவாசியுங்கள். சுவாசத்தை நிறுத்துங்கள்" என்றது.

முதலில் மாட்டியவர் மளிகைக் கடைக்காரர். "நிறுத்துங்கள்" என்று கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏன், நான் என்ன பண்ணேன்?" என்று கத்திக்கொண்டு, முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு வராந்தாவில் ஓடினார். பின்னால் அத்தான் போர்வையோடு ஓடினார். கடைக்காரரின் மனைவி, "இப்பிடியே கடைக்கும் போயிடாதீங்க!" என்று கத்தியது மாடிவரை கேட்டதாம்.

அன்று சாயங்காலமே மேலாளர் அத்தானைக் கூப்பிட்டார். "உங்க குரல்லயே பேசிக் குடுத்துருங்க மூச்சு சார். கம்பெனி இன்ஜினியர் நாளைக்கு அத மெஷின்ல ஏத்திருவாரு. அப்புறம் அந்த ரூமுக்கு ஒரு ஆள் போதும். உங்கள கீழ ஸ்டோருக்கு மாத்திடலாம். நிம்மதியா இருக்கும்."

ஸ்டோரில் பஞ்சும் கையுறையும்தான் இருக்கும். பஞ்சு மூச்சு விடாது.

வீட்டில் அத்தான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நல்லாப் பேசினா வேலை போகுது. மோசமாப் பேசினா மானம் போகுது. நான் என்ன பண்ண?"

"நடுவாப் பேசுங்க," என்றாள் அக்கா. "எங்கிட்ட பேசுவீங்களே, அது மாதிரி."

மறுநாள் ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து மைக்கில் பேசிக் கொடுத்தார். இன்ஜினியர் அதை மெஷினில் ஏற்றிவிட்டு, அடுத்த ஊருக்கு விமானம் பிடிக்க ஓடினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

கதிர் எதுவும் இல்லாமல் வெறும் ஒத்திகை. நானே படுக்கிறேன் என்று மேலாளர் கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மெஷினுக்குள்ளிருந்து அத்தானின் குரல் அன்பொழுக வந்தது.

"மூச்ச நல்லா இழுங்க... இன்னும் இழுங்க... பிடிங்க... அப்பிடியே... ஆங், இருங்க, இதோ வர்றேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் மெஷின் வாய் திறக்கவில்லை.

மேலாளர், சொன்ன சொல் தட்டாத மனிதர். யாரோ வரப்போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நர்ஸம்மா, "மூச்சு சார், அவரு இன்னும் விடல!" என்று அலறினாள். அத்தான் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"விடுங்க!"

மேலாளர் விட்ட மூச்சில் மேசை விரிப்பே பறந்தது என்று நர்ஸம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

"யாரு... வர்றதா... சொன்னீங்க?" என்று மேலாளர் இரைக்க இரைக்கக் கேட்டார்.

"பேசிட்டிருக்கும்போது யாரோ கதவத் தட்டினாங்க சார். அவங்களுக்குச் சொன்னது. அதுவும் சேந்து ஏறிடுச்சு போல."

மறுபடி ஏற்றலாம் என்றால் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறாரோ. மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டே முடிவைச் சொன்னார். "இழுக்க, பிடிக்க மெஷினே சொல்லட்டும். விடச் சொல்றதுக்கு ஒரு மனுஷன் வேணும். நீங்க இங்கயே இருங்க."

அன்று இரவு அத்தான் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். ஊருக்கு வந்திருந்த நானும் அங்கே இருந்தேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நீங்க மைக்குல பேசும்போது ஸ்கேன் ரூம் கதவுக்கு வெளிய சிவப்பு விளக்கு எரியும்ல?"

"எரியும்."

"அது எரிஞ்சா யாரும் கிட்டக்கூட வரக்கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டு வச்சிருக்கீங்க?"

"ம்."

"அப்ப கதவத் தட்டினது யாரு?"

அத்தான் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். மூச்சை இழுத்தார். பிடித்துக்கொண்டார். கன்னம் உப்பியது. கல்யாணப் படத்தில் இருப்பதுபோலவே இருந்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அடக்கினாள்.

"சரி, விடுங்க."

அத்தான் விட்டார்.