நான்காவது துளையில் சந்தனம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஈப்போவின் புந்தோங்கில் வீரப்பன் அண்ணனின் லாரி கம்பெனியில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று மறந்துபோயின. நான் இணைத்துக் கொடுத்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன.

வெளியே ஆறு லாரிகள் நின்றன. சரக்குப் பட்டியல் அச்சாகி வந்தால்தான் அவை கிளம்பும். வீரப்பன் அண்ணன் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. அமைதியாகவே நம்மைக் குத்துவார்.

"தங்கச்சி, பெட்டி தகராறு பண்ணுது, ஒரே கச்சாவ் லா. டிரைவருங்க நாசி லெமாக் சாப்பிட்டானுங்க, கை கழுவுனானுங்க, திரும்ப சாப்பிடுறானுங்க. நான் லாரி கம்பெனி நடத்துறேனா, சாப்பாட்டுக் கடை நடத்துறேனா?"

எட்டா, நாலா?

எண்பதுகளின் கடைசி அது. ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. செமோர் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் சீவிய குடும்பத்தில் முதன்முதலில் ஸ்குரூடிரைவர் பிடித்த பெண் நான். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

இன்று நீங்கள் கிகாபிட் சுவிட்ச் என்று உள்ளங்கை அளவுக்கு ஒன்று வாங்குகிறீர்களே, அதற்குக் கொள்ளுத்தாத்தா, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் அன்றைய ஹப். எங்கள் கடையில் இரண்டு வகை இருந்தன. மின்சாரத்தில் ஓடும் எட்டுத் துளை ஆக்டிவ் ஹப் ஒன்று. மின்சாரமே வேண்டாத, சோப்பு டப்பா அளவிலான நாலு துளை பாஸிவ் ஹப் ஒன்று. எங்கள் முதலாளி சிவராஜா சார் எட்டைக் காட்டச் சொன்னார். நான் வீரப்பன் அண்ணனிடம் போய், "மூணு மெஷினுக்கு எட்டு ஓட்டை எதுக்கு அண்ணே? நாலு போதும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

சிவராஜா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சரி பிள்ளை, உன் இஷ்டம். ஆனா அந்தப் பெட்டி திரும்பி வந்தா, அதோட சேர்ந்து நீயும் வீட்டுக்குப் போகலாம்."

சந்தனம் செய்த வேலை

கேபிளை மாற்றினேன். உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றி மாட்டினேன். சிறிது நேரம் ஓடும், பிறகு நிற்கும். புதன்கிழமை மாலை ஆயுத பூஜை. சனிக்கிழமை பெட்டியை எடுத்துப் போக சிவராஜா சாரே வருவதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பூஜை முடித்து இயந்திரங்களைத் திறந்தார்கள். கிளார்க் மாலதி அக்கா கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு லாரி, தட்டச்சு இயந்திரம், ஸ்டேப்ளர் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தார். ஹப்புக்கு வந்தபோது மூன்று துளைகளில் கேபிள் இருந்தது, நான்காவது காலி. விரல் அதில் வாகாகப் பதிந்தது.

மூன்று கம்ப்யூட்டர்களும் ஓடின. பத்து மணி வரை ஓடின, பதினொன்று வரை ஓடின. ஆறு லாரிகளும் கிளம்பிவிட்டன. நான் மாலதி அக்காவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் படுத்துவிட்டது.

மாலதி அக்கா சளைக்கவில்லை. மறுபடி ஒரு பொட்டு வைத்தார். மறுபடி ஓடியது.

"ஒரு கிலோ சந்தனம் வாங்கிப் போட்டுருவோம் லா," என்றார் வீரப்பன் அண்ணன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாலதி அக்கா என்னைப் பார்த்து, "நீ படிச்ச படிப்ப விட என் விரல் மேல் போல இருக்கே," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. மின்சாரம் கடக்கிறதா என்று காட்டும் மீட்டரை அந்தத் துளையில் வைத்துப் பார்த்தேன். சந்தனம் ஈரமாக இருந்தபோது முள் அசைந்தது. காய்ந்ததும் படுத்துக்கொண்டது. அப்படியானால் அந்தத் துளையில் ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஹப்போடு வந்த தாளை அப்போதுதான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். காலித் துளையில் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பி மற்றதைக் கெடுக்கும் என்று போட்டிருந்தது. பக்கத்தில் படம். சின்ன வெள்ளி மூடி, அதில் குட்டிச் சங்கிலி.

அந்த மூடி எனக்கு நன்றாகத் தெரியும். தூசி படாமல் இருக்கப் போடுகிற மூடி என்று நினைத்து, பளபளப்பாக இருக்கிறதே என்று என் மோட்டார் சைக்கிள் சாவியில் மாட்டியிருந்தேன். நான்கு நாளும் அதைக் கையில் சுழற்றிக்கொண்டேதான் அந்த ஹப்பின் முன்னால் நின்று தலையைச் சொறிந்திருக்கிறேன்.

துளையைச் சுத்தமாகத் துடைத்து, மூடியை வைத்துத் திருகினேன். சங்கிலியும் சாவியும் அதிலேயே தொங்கின. கம்ப்யூட்டர்கள் ஓடின. மூன்று மணிக்கும் ஓடின, ஐந்து மணிக்கும் ஓடின.

சாவியை மட்டும் கழற்றப் போனேன். வீரப்பன் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"தொடாத தங்கச்சி. சாவி தொங்குனதுக்கு அப்புறம்தான் ஓடுது."

"அண்ணே, ஓட வைக்கிறது மூடி. அது என் மோட்டார் சாவி."

"பஸ்ஸுல போலாம் லா."

பஸ்ஸில்தான் போனேன். வழி நெடுகச் சிரித்துக்கொண்டே போனேன், பக்கத்து இருக்கை அம்மா எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை

சிவராஜா சார் பெட்டியை எடுக்க வந்தார். வீரப்பன் அண்ணன் கையை விரித்து ஹப்பை மறைத்தார். "யாரும் தொடக்கூடாது. தொட்டா லாரி நின்னுரும்."

சார் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மூடியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஸ்ஸிலயா வந்த, பிள்ளை?"

"ஆமா சார்."

"தாளை எப்பப் படிச்ச?"

"வியாழக்கிழமை சார்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். தோள் குலுங்கியது. திரும்பிப் பார்க்காமலே, "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா. நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடணும். அந்தத் தாளையும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுப் போடு," என்றார்.

இன்றைய சுவிட்சில் காலித் துளைக்கு மூடி எதுவும் வேண்டாம். ஐந்து துளையா எட்டா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எட்டு என்றுதான் சொல்கிறேன், கூடவே பெட்டியில் வரும் தாளைப் படிக்கவும் சொல்கிறேன். மறு வருடம் வீரப்பன் அண்ணனும் எட்டுக்கு மாறினார். நான் அதைப் பொருத்தி முடித்ததும் குனிந்து எண்ணிப் பார்த்தார்.

"மூணு மெஷின். மிச்சம் அஞ்சு ஓட்டை. அஞ்சு சாவி கொண்டாந்தியா தங்கச்சி?"