முதல் பாட்டில் யாருக்கு?

சர்க்யூட் தொழிலில் மிஷின் ஓடினால் பேர் மிஷினுக்கு, நின்றால் பேர் நமக்கு. இந்தப் பாட்டைப் பட்டவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

உள்ளங்கையில் அடங்குமா?

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். சர்க்யூட்டைப் பென்சிலால் வரைந்து வரைந்து கண் பூத்துப்போய், ஒரு கம்பைலர் எழுதினேன். பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சரக்கை என்ன செய்யணும் என்று கணக்கு ஃபார்முலா மாதிரி எழுதினால் போதும், அதுவே சர்க்யூட்டாக மாற்றித் தரும். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பெல்ட்டுல வர்ற வரிசைக்கு முடிவே இல்லன்றே, இத்தினியூண்டு சிப்புல எப்படிப்பா அடங்கும்?" என்றார் முதலாளி. "முழுசும் எதுக்கு சார்? பாட்டில் வர்ற பெல்ட்டுன்னா, கடைசியா பாத்த பாட்டில் நிறைஞ்சுதா இல்லையான்னு ஞாபகம் வெச்சா போதும்" என்றேன். ஒரு ஜூஸ் கம்பெனி வேலையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மிஷின் சரின்னு அவங்க கையெழுத்துப் போட்டா இனிமே உன் கம்பைலர். இல்லைன்னா பழையபடி பென்சிலை எடு."

டிரேயில் விழுந்தது

பாட்டிலைப் பார்க்க ஒரு சென்சார் கண், குறைப் பாட்டிலைப் பக்கத்து டிரேயில் தள்ள அடுத்தாற்போல் ஒரு இரும்புக் கை. எல்லாம் ஜோர். ஆனால் சுவிட்சைப் போட்டதும், ஏற்கெனவே கண்ணைத் தாண்டிக் கைக்கு முன்னால் நின்ற முதல் பாட்டிலை, நிறைந்திருந்தும் டிரேயில் தள்ளிவிட்டது! கண் இன்னும் எதையும் பார்க்கவில்லை. அதனால் ஞாபகத்தில் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 'குறை'. ஆரம்ப மதிப்பு என்ன என்று நான் சொல்லாததால் கம்பைலர் தானாகப் போட்ட பூஜ்யம் அது.

வேர்த்து விறுவிறுத்து டிரேயிடம் ஓடினேன். லைன் சூப்பர்வைசர் தேவராஜ் அந்தப் பாட்டிலுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "மொதோ பாட்டிலு சாமிக்குன்னு தெரிஞ்சிதானே சார் மிஷினு செஞ்சிக்கீறீங்க?"

கரண்ட் போய் வந்தால்

மறுநாளே சிக்கல் வந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் டிரேயில் ஒரு பாட்டில். தேவராஜ் முகம் கடுகடு. "சாமி ஒரு நாளைக்கு எத்தினி சார் குடிப்பாரு? காலைல மட்டும் தள்ளணும். அப்பதான் கையெழுத்து."

காலையா, கரண்ட் கட்டா என்று சிப்புக்கு என்ன தெரியும்? அட தேவுடா என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஃபார்முலாவில் ஆரம்ப மதிப்பை 'நிறைவு' என்று மாற்றி, அமுக்கினால் ஞாபகத்தில் பூஜ்யம் விழுகிற மாதிரி ஒரு சிவப்பு பட்டன் சேர்த்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்பைலர் புது சர்க்யூட்டைக் கொடுத்துவிட்டது. பென்சிலென்றால் ஒரு வாரம்!

புது சிப்பைச் செருகிய அன்று காலை, தேவராஜ் சந்தனக் கையோடு பட்டனை அமுக்கினார். முதல் பாட்டில் டிரேயில் விழுந்தது. மத்தியானம் கரண்ட் போய் வந்தது. இரும்புக் கை அசையவில்லை. தேவராஜ் பெல்ட்டை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாமிக்கு ஓகே சார். பேனா குடுங்க."

ஆக, என் கம்பைலர் ஹார்டுவேராக மாற்றிக்கொடுத்த முதல் பெரிய விஷயம், காலைப் பூஜை.