பத்து பாகாட்டிலிருந்து வந்த உறுமல்

எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது நான். ஒரு பெண் இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள், "ஓ, பாடுவீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, நான்கு தந்தி, நீளமான கழுத்து, தோளில் மாட்டி வாசிப்பது என்று விளக்கினால், "அது கிட்டார்தானே, ரெண்டு தந்தி அறுந்துபோச்சா?" என்பார்கள். இப்போதெல்லாம் "ஆமாம், பாடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறேன்.

வார நாட்களில், ஜே.பி. என்று நாங்கள் சொல்லும் ஜோகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பேன். வார இறுதியில் ஜோகூரில் எங்காவது கல்யாண டின்னர் இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டும்போதும், மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறித் துண்டைச் சுழற்றும்போதும் அடியில் டும் டும் என்று ஒன்று கேட்குமே, அது நான். கேட்கவில்லை என்றால் அதுவும் நான்தான்.

குழுவின் தலைவர், கீபோர்டு வாசிக்கும் அண்ணன். ஒரு நாள் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உன் பேஸ் சத்தம் சேறு மாதிரி இருக்கு லா. வேற ஒன்னு வாங்கு."

அண்ணனின் கீபோர்டில் ஒரு கட்டை அழுந்தினால் மேலே வராது. டேப் ஒட்டி வைத்திருக்கிறார். மேடையில் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருடைய இடது காது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அப்படிப்பட்டவர் சொன்னதை நான் அன்றே மறந்திருக்க வேண்டும். ஆனால் வாசிப்பவரிடம் "உன் டோன் சரியில்லை" என்பது, சமைத்தவரிடம் "குழம்புல ஏதோ குறையுது" என்பது போல. என்ன குறைகிறது என்று சொல்லவும் மாட்டார்கள், நம்மைத் தூங்கவும் விட மாட்டார்கள்.

அப்படித்தான் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே போன பிறகுதான் டோன் என்பது காதால் கேட்பதல்ல, நாக்கால் ருசிப்பது என்று தெரிந்தது. ஒரு பேஸ் 'வெதுவெதுப்பாக' இருந்தது. இன்னொன்று 'கொழுத்து' இருந்தது. மூன்றாவதில் 'மர வாசம்' அடித்தது. படிக்கப் படிக்கப் பசித்தது. இன்னொரு விநோதமும் உண்டு. காடியில், அதாவது காரில், ஒரு கீறல் இருந்தால் விலை குறையும். பேஸ் கிட்டாரில் கீறல் இருந்தால் விலை கூடும். அதற்குப் பெயர் கீறல் இல்லையாம், வரலாறாம்.

ஒரு மாதம் இப்படி மேய்ந்த பிறகு அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பத்து பாகாட் ஊரிலிருந்து ஒருவர் போட்டிருந்தார். 'பழைய மரம். ஆழமான உறுமல். மழையில் தூரத்து ரயில் போல அடிச்சத்தம். புரிந்தவர்கள் மட்டும் அழைக்கவும்.'

எனக்குப் புரியவில்லை. ஆனால் புரியாதவளாக இருக்கப் பிடிக்கவில்லை. அழைத்தேன்.

என் கணவர் தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். விடுமுறை நாளில் காடியைத் தொடுவதென்றாலே அவருக்குக் கண்ணீர் வந்துவிடும்.

"அலமாக், பத்து பாகாட் வரைக்குமா? இங்க ஜே.பி.ல கடை இல்லையா?"

"இது உறுமும்."

"நீ வச்சிருக்கறது?"

"அது சேறு."

அவர் போய்க் காடிச் சாவியை எடுத்து வந்தார்.

விற்பவர் பத்து பாகாட்டில் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத சட்டை. கடைக்கு மேலே இருந்த அறைக்கு எங்களை அழைத்துப் போவதற்கு முன், என்னைப் பார்த்து மிக அன்பாகச் சொன்னார்.

"சிஸ்டர், நீங்க கீழ உக்காருங்க. வைஃப் டீ போடுவாங்க. நானும் பாஸும் மேல போய்ப் பாத்துட்டு வந்துடறோம்."

"வாசிக்கறது அவங்கதான்" என்றார் என் கணவர்.

கடைக்காரர் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஓ. சரி, சரி. நீங்களும் வாங்க."

மேலே போனால், சுவர் முழுக்கக் கனத்த திரைச்சீலைகள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கவாம். அவற்றின் முன்னால் பேஸ் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்காக இல்லை, மரங்களுக்காக. கீழே அவர் மனைவி மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து, குளிப்பாட்டிய குழந்தையைப் போலத் துணியில் ஏந்தி, ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒரே ஒரு மெட்டை வாசித்தார். அடுத்ததை எடுத்தார். அதே மெட்டு. அதற்கடுத்ததிலும் அதே மெட்டு. ஒவ்வொரு முறையும் என் கணவரைப் பார்த்து, "கேளுங்க பாஸ், வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார். என் கணவர் "தெரியுது, தெரியுது" என்றார். ஒரு தடவை கண்ணைக்கூட மூடிக்கொண்டார். முந்தின நாள் இரட்டை ஷிப்ட்.

என் முறை வந்தது. "சிஸ்டர் கைக்குச் சின்ன கழுத்துதான் சரிப்படும்" என்று சொல்லிக்கொண்டே அந்த உறுமும் பேஸைக் கொடுத்தார். பழுப்பு நிறம், ஓரத்தில் நீளமாக ஒரு வரலாறு. வாசித்தேன். திரைச்சீலைகளுக்கு நடுவில், அந்தக் குளிரில், யாரும் ஆடாத, யாரும் தட்டில் கரண்டியைப் போடாத அறையில் அது உண்மையாகவே உறுமியது. என் தொடை அதிர்ந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

"மரம் பேசுது, கேட்டீங்களா?" என்றார்.

"கேக்குது" என்றேன். சத்தியமாக எனக்கு அப்போது கேட்டது.

விற்றுவிட்டு அவர்தான் அழுதுவிடுவார் போல் இருந்தார். புதுக் கடைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறதாம், வீட்டில் ஒன்றாவது போகட்டும் என்று முடிவாகிவிட்டதாம். வீட்டில் என்று சொன்னபோது கண் கீழே, மனைவி இருந்த பக்கம் போனது. காடி வரை கூடவே வந்து, பின் இருக்கையில் அதற்கு பெல்ட் போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் கணவரைக் கேட்டேன். "எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாம் டும் டும்னுதான் கேட்டுச்சு."

அடுத்த வாரம் குளுவாங்கில் ஒரு கல்யாண டின்னர். புது பேஸோடு போனேன். பழையதையும் காடியில் போட்டது என் கணவர்தான். அவர் ஸ்பேர் டயர் இல்லாமல் கடைக்குக்கூடப் போக மாட்டார். சவுண்ட் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாலையில் அலங்காரம் செய்பவர்கள் வந்து கலர் விளக்குகளைப் போட்டார்கள். அவ்வளவுதான். அந்த வகை பேஸ் விளக்குகளின் மின் இரைச்சலையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆழமான உறுமல் போய், மண்டபம் முழுக்கப் பழைய பிரிட்ஜ் ஓடுவது போல ஒரு 'ம்ம்ம்ம்'. நான் ஒரு தந்தியையும் தொடவில்லை, அதுவாகவே வாசித்தது. விளக்கை அணைக்கச் சொல்லலாம் என்றால், பெண்ணின் தாய்மாமன் அந்த விளக்குகளுக்குத்தான் செலவழித்திருந்தார்.

ஓடிப்போய் காடியிலிருந்து பழையதை எடுத்து வந்தேன். அண்ணன் மைக்கில் 'ஹலோ ஹலோ' சொல்லிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. நிகழ்ச்சி முடிந்தது. மேடைக்குப் பின்னால் அண்ணன் பிரியாணித் தட்டோடு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"இன்னைக்குத்தான் தங்கச்சி பேஸ், பேஸ் மாதிரி இருந்துச்சு! அப்படியே கண்ணாடி. அன்னைக்கே சொன்னேன்ல, மாத்துன்னு?"

"அண்ணே, நான் வாசிச்சது பழசு."

அண்ணன் மென்றார். விழுங்கினார். மேலே கூரையைப் பார்த்தார்.

"அப்ப ஹால் நல்ல ஹால்" என்றார்.

இதற்குப் பிறகு அந்த உறுமலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விற்க முடிவு செய்தேன். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில், கணவரின் கணக்கில் விளம்பரம் போட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் பத்து பாகாட்டுக்காரர் எழுதியதையே எடுத்து ஒட்டினேன். மழை, ரயில், உறுமல், எல்லாம்.

கேள்விகள் வந்தன. ஒருவர் 'கடைசி விலை?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போனார். ஒருவர் மாற்றாகத் தூண்டிலும் ஒரு ஜோடி கிளியும் தருவதாகச் சொன்னார். மற்றொருவர், ஓரத்துக் கீறலுக்குப் பெயின்ட் அடித்துத் தர முடியுமா என்றார். அவருக்கு வரலாற்றில் ஆர்வமில்லை.

நான்காவதாக ஒரு செய்தி. 'படத்தில் அந்தக் கீறலைப் பார்த்தேன். இது ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. திரும்ப வாங்க விரும்புகிறேன். உங்கள் விளக்கம் அருமை. எழுதியவருக்கு நல்ல காது.'

'நன்றி. எழுதியது நீங்கள்தான்' என்று பதில் போட்டேன்.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"சிஸ்டர்... நீங்களா? ஏன் விக்கிறீங்க? உறுமலயா?"

"உங்க ரூம்ல உறுமிச்சு. குளுவாங்ல முனகிச்சு."

"லைட்டா?"

"லைட்."

அவர் பெருமூச்சு விட்டார். "வித்ததுலேருந்து அந்தச் சொவத்தப் பாக்கவே முடியல. வைஃபே சொல்லிட்டாங்க, போய் வாங்கிட்டு வந்து தொலைங்கன்னு."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒத்திகை அறைக்கே வரச் சொன்னேன். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கார் பழுது பார்க்கும் கடையின் மாடி. திரைச்சீலை இல்லை, குளிரூட்டி இல்லை. கீழே யாராவது சுத்தியலால் தட்டினால் நாங்கள் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வோம். அவர் வேனில் வந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. பேஸைத் துணியால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விரல் ரேகைகள் எங்கே எங்கே படிந்திருக்கின்றன என்று பார்த்தாரோ என்னவோ.

"வாசிச்சுப் பாருங்க சார்" என்றார் அண்ணன். "நாங்க ஒரு பாட்டு எடுக்கறோம், நீங்க கூட வாங்க."

அவர் முகம் வெளுத்தது. "இல்ல, நான் சும்மா... தனியா..."

"என்ன சார், இத்தனை பேஸ் வச்சிருக்கீங்களாம்."

டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டான். அவர் வாசித்தார். முதல் வரியிலேயே பாட்டு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். எங்களைப் பிடிக்க ஓடினார், முந்திவிட்டார், நின்று காத்திருந்தார். டோன் என்னவோ பிரமாதம். நான் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். பத்து பாகாட்டில் கீழே உட்காரச் சொன்ன டீ இன்னும் எனக்கு ஆறவில்லை.

பாட்டு பாதியில் நின்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டிரம்மரைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா அடிக்க முடியுமா? நான் இதுவரைக்கும் டிரம்ஸோட சேந்து வாசிச்சதில்ல."

பத்து பாகாட்டில் அவருக்குச் சுவர் நிறைய பேஸ் கிட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வா, சேர்ந்து வாசிக்கலாம் என்று கூப்பிட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவன் கைய பாக்காதீங்க. காலைப் பாருங்க. அந்தப் பெரிய டிரம் விழும்போது மட்டும் ஒரு தட்டு. வேற ஒன்னும் வேணாம்."

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். அவர் டிரம்மரின் கால் மேலேயே கண்ணை வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டினார். கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் ஒன்றாக விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வயித்துல தெரியுது சிஸ்டர்" என்றார்.

"ஆமா. அங்கதான் தெரியும்."

அன்று அவர் உறுமலோடு பத்து பாகாட்டுக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். எங்களுக்கு நெய் பிஸ்கட் கொண்டுவருவார், கூடவே மரங்களைப் பற்றிய சொற்பொழிவும் கொண்டுவருவார். பிஸ்கட் நன்றாக இருக்கும். ஒத்திகை அறையின் ஜன்னலுக்கு இலவசமாகத் திரைச்சீலை தைத்து மாட்டினார். அண்ணன் இப்போது அவரை "ஆர்ட்டிஸ்ட்" என்று கூப்பிடுகிறார். என்னை இத்தனை வருடத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். மாசாயில் ஒரு பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு எனக்குப் பதிலாக அவரே போனார். மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு எப்படிப் போனது என்று விசாரித்தேன்.

"ரெண்டு எடத்துல வழுக்கினாரு. யாருக்கும் தெரியல. ஆடறவங்க ஆடிட்டுத்தான் இருந்தாங்க" என்றார் அண்ணன். கொஞ்சம் நிறுத்தி, "அவருகிட்ட வேன் இருக்கு, பாத்தியா? எல்லா சாமானும் ஒரே ட்ரிப்ல போயிடுச்சு" என்றார்.

காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனாலும் இந்த வாரம் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நான் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.