பன்னிரண்டு வரிசைக் கணக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று ஏற்காட்டில் என் பெயரில் இரண்டு எஸ்டேட் இருக்கிறது. கல்லூரிக் கணக்கு படித்த பிள்ளைகள் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். அந்த மூளை எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கம் பெரியப்பாவுக்குக் காபித் தோட்டம். சரிவில் பன்னிரண்டு வரிசைச் செடிகள். பழம் சிவக்கும் பருவத்தில் காலைப்பனி இறங்கினால் மரங்கள் காலில்லாமல் மிதக்கும். நுழைவிலுள்ள சில்வர் ஓக் மரத்தில் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தினமும் சுண்ணக்கட்டியால் ஓர் எண் எழுதிவிட்டுப் போவார். அதைப் பார்த்துவிட்டு அக்கா, பெரியப்பாவின் மகள், ஏதோ ஒரு வரிசைக்குள் போய்ப் பனியில் கரைந்துவிடுவாள்.

நான், தம்பி, சித்தி மகள் மூவரும் துப்பறிந்தோம். ஐந்தாம் தேதி மரத்தில் 9. அக்கா போனது இரண்டாம் வரிசை. மறுநாளும் 9, போனதோ மூன்று. ஏழாம் தேதி 4, போனது பதினொன்று. பன்னிரண்டு கல்லை வட்டமாக வைத்துக் காபிப் பழத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம்.

"பேய்க் கணக்குடா இது," என்றான் தம்பி.

"தேதியையும் சேத்து எண்ணு. பன்னெண்டு தீந்தா மறுக்கா ஒண்ணுல இருந்து," என்றாள் சித்தி மகள்.

சொன்னது அவள்தான். ஆனால் கல் பொறுக்கியது நான்.

எட்டாம் தேதி மரத்தில் 8. பழம் வட்டத்தைச் சுற்றி நாலாம் கல்லில் நின்றது. நாலாம் வரிசைக்கு ஓடினேன். முதல் செடியின் கவட்டில் தீப்பெட்டி, உள்ளே மடித்த சீட்டு. அதைப் படிக்கக்கூடத் தோன்றவில்லை; கணக்கு சரியாக வந்ததே போதும்.

பனிக்குள்ளிருந்து அக்கா வந்தாள்.

"அத எங்கிட்டக் குடுத்துரு சாமி. அப்பாகிட்டச் சொல்லிராத."

என் பெருமையைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரே ஓட்டம்.

பெரியப்பா சீட்டைப் படித்தார். பிறகு, "எப்பிடிக் கண்டுபுடிச்ச? இன்னொருக்காச் சொல்லு கண்ணு," என்றார். கல்லை அடுக்கிக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

அடுத்த வாரமே எனக்குப் புதுச்சட்டை வந்தது. கணக்குக்குக் கிடைத்த பரிசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அடிவாரத்தில் நடந்த அக்கா கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை யாரோ சேலத்துக்காரர். ரைட்டரை அப்புறம் மலையில் யாரும் பார்க்கவில்லை.

"சட்டை எப்படி இருக்குதுக்கா?" என்றேன்.

மாற்றிப் போட்டிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டாள்.

"நொம்ப நல்லா இருக்குது சாமி."

அவள் ஏன் கடைசிப் பொத்தானை விடாமல் பிடித்திருந்தாள் என்பது மட்டும் அன்றைக்கு என் கணக்கில் வரவில்லை.