கெரெசோவுக்கு ஒரு பத்தி

போத்தனூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ஜெரோமுக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. கொங்கு நாட்டில் பலருக்கும் உள்ள வியாதிதான். கேட்டவர் முகம் வாடக் கூடாது என்று 'ஆகட்டுங்க, செஞ்சுபோடலாங்க' என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஜெரோமுக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

அடுத்தவர் காடு தோட்டத்தில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். தொழிற்சங்கத்துக்காரர்கள் 1979இல் அவரை, அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த பல்கேரியாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். சோபியா நகரத்தில் இரண்டு வருடம். இயந்திரம் படித்து வா என்று அனுப்பினால் மனுஷன் இலக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். மொழி சொல்லிக்கொடுத்த ஸ்தோயங்கா டீச்சர் செய்த வேலை அது. அந்த ஜனங்கள் நூற்றாண்டுக்கணக்கில் துருக்கியர் ஆட்சியில் கிடந்தவர்கள்; சொந்தப் பேச்சைப் பேசவே கூச்சப்பட்டவர்கள் நிறைய. அப்போது ஒரு துறவி அதே பேச்சில் தன் ஜனங்களின் வரலாற்றை எழுதினார், அதை ஊர் ஊராகக் கையால் பார்த்தெழுதிக் கொண்டுபோனார்கள் என்று டீச்சர் சொன்ன அன்று ஜெரோமுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் இருந்தவர் அவர்.

ஊர் திரும்பியதும் தமிழில் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். நவீன பல்கேரிய இலக்கியம் வளர்ந்த கதை. அந்தத் துறவி, ஊருக்கு ஊர் வாசகசாலை வைத்த வாத்தியார்கள், துப்பாக்கி தூக்கிப்போய்ச் செத்த கவிஞர்கள், விடுதலைக்குப் பிறகு புதுப் பணக்காரர்களையும் அதிகாரிகளையும் கிண்டலடித்த கதைக்காரர்கள் என்று எல்லோரும் அதில் வந்தார்கள். சோபியாவிலேயே ஒரு பதிப்பகம் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லி, யார் யாரைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியலையும் அனுப்பியது.

1988இல் அங்கிருந்து வந்த ஒருவர் கையில் டீச்சர் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். அவருடைய கணவர் மிலோ கெரெசோவ், புகையிலைக் காட்டுக் கூலிகளைப் பற்றிக் கதை எழுதியவர். அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. கட்டாய வேலை முகாமுக்கு அனுப்பினார்கள், அங்கேயே இறந்துபோனார். புத்தகங்களை நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'இங்கே அவர் பெயரை யாரும் அச்சிட மாட்டார்கள். உன் மொழியிலாவது ஒரு பத்தி போடு' என்று கேட்டிருந்தார்.

ஜெரோம் பத்தியை எழுதிவிட்டார். ஆனால் பட்டியலில் இல்லாத பெயரைப் பார்த்துப் புத்தகத்தையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? ஏழு வருட உழைப்பு. ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்து, பத்தியை எடுத்துவிட்டுக் கைப்பிரதியை அனுப்பினார். டீச்சருக்கு மட்டும் 'சேர்த்துவிட்டேன்' என்று எழுதினார். பயந்ததை மன்னித்துவிடலாம். அந்தக் கடிதத்தை மன்னிப்பதுதான் கஷ்டம்.

அடுத்த வருடமே அங்கே ஆட்சி கவிழ்ந்தது. 1991இல் பதிப்பகத்தை மூடி, கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உக்கடத்தில் சின்ன அச்சகம் வைத்திருந்த நண்பர் சுந்தரராஜுலு, "கொண்டாங்க, அந்தப் பத்தியயும் சேத்து நானே போட்டுத் தர்றனுங்க" என்றார். ஜெரோமுக்கு மனசு ஒப்பவில்லை. செய்த துரோகத்துக்கு ஒரு பத்தி போதாது, கெரெசோவுக்கு ஒரு முழு அத்தியாயமே எழுதப்போகிறேன் என்று கிளம்பினார்.

அதற்குள் டீச்சரின் கடிதம் வந்தது. 'பதிப்பகம் மூடிவிட்டதே, என் பத்தி என்ன ஆயிற்று? எனக்குக் கண் மங்கி வருகிறது.' ஜெரோமின் வியாதி சும்மா இருக்குமா? இங்கே அச்சாகிவிட்டது, பிரதி அனுப்புகிறேன் என்று பதில் போட்டார். இனி அத்தியாயத்துக்குக் கெரெசோவின் கதைகளை டீச்சரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். சோபியாவில் டீச்சர் தனியாக வாய்மொழியாகச் சொன்ன இரண்டு கதைகளை வைத்துக்கொண்டு எழுதுவதும் கிழிப்பதுமாக மூன்று வருடம் போயிற்று.

மனைவி கயல்விழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏனுங்க, அந்தம்மா கேட்டது ஒரு பத்திதானுங்க. அத மட்டும் போட்டு அனுப்பிச்சுட்டா என்னங்க?"

"இருக்கட்டும் அம்மணி. தாமதமாயிருச்சு, நல்லபடியாச் செஞ்சு அனுப்போணும்."

1995 ஆடியில் சோபியாவிலிருந்து டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு உறை அனுப்பியிருந்தார். உள்ளே கருப்புக் கரை போட்ட அச்சடித்த தாள். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதுபோல, அங்கேயும் இறந்தவர் படத்தை அச்சிட்டு வீட்டு வாசலிலும் மரங்களிலும் ஒட்டுவார்கள். படத்தில் ஸ்தோயங்கா டீச்சர். கீழே, எழுத்தாளர் மிலோ கெரெசோவின் மனைவி என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: 'கெரெசோவின் பெயர் இந்தியாவில், தமிழ் மொழியில் அச்சேறியிருக்கிறது.' இந்த வரியைக் கட்டாயம் போட வேண்டும் என்று டீச்சரே சொல்லி வைத்திருந்தாராம். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவாராம்.

கயல்விழி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் பழைய பத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் உக்கடத்துக்கு பஸ் ஏறினார்.

சுந்தரராஜுலு பத்தியை வாங்கினார். எழுத்துக் கோத்து, மை தடவி, முதல் தாளை எடுத்து நீட்டினார். "பாருங்க, அரை மணி நேரங்கூட ஆகலீங்க."

ஜெரோம் ஈர மையில் கெரெசோவ் என்ற பெயரைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதார். சுந்தரராஜுலு அவர் அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, "எத்தன தாள் போடட்டுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதுமுங்க," என்றார் ஜெரோம். "கேட்டவங்க ஒருத்தர்தானுங்க."