முதல் மூட்டை

என் அப்பாவுக்குப் பிட்டர் வேலை. பாலம், தண்ணீர்க் குழாய், எஞ்சின் என்று எங்கே இரும்பு மாட்ட வேண்டியிருந்தாலும் கிளம்பிவிடுவார். வீட்டில் இருக்கும் நாட்களிலும் ஸ்பேனரைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூக்கம். “இதையே கட்டியிருக்கலாம்” என்பாள் அம்மா. இலங்கையில் பதுளைக்கு இன்னும் ரயில் வராத அந்தக் காலத்தில், ஒரு வருஷம் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. அம்மாவுக்குச் சந்தோஷம்தான், என்ன வேலை என்று தெரியும் வரை.

மேல்மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, பள்ளத்திலிருந்த தேயிலை ஸ்டோருக்குக் கம்பியில் தொங்கவிட்டு அனுப்பப்போகிறார்கள். அதுவரை அதைத் தலையில் சுமந்து இறக்கியவர்களில் என் மாமாவும் ஒருவர், அம்மாவின் அண்ணன். சிறுவயதில் ஒரு கை ஒடிந்து கோணிப்போனதால் அவருக்கு மண்வெட்டி பிடிக்க வராது. தலையும் காலும்தான் சோறு போட்டன.

“கம்பி வந்துட்டா அண்ணனுக்கு ஏதுங்க வேலை?” என்று கேட்டாள் அம்மா.

“தொரைகிட்ட சொல்றேன்” என்றார் அப்பா. சொல்லவும் செய்தார். துரை தலையை ஆட்டினாராம். சரி என்று ஆட்டினாரா, போ என்று ஆட்டினாரா என்பது அப்பாவுக்கே விளங்கவில்லை.

கம்பியை இழுத்து முறுக்கி, கப்பிக்கு எண்ணெய் விட்டு, ஒருநாள் காலையில் மேல்மலையில் பூசை போட்டார்கள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் மாமா கைதான் முதலில் படவேண்டும். எனக்குக் காது குத்தியதும் அவர் மடியில்தான். அந்த வழக்கத்தில் அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்: “மச்சான், மொத மூட்டைய நீங்க வந்து மாட்டுங்க.”

மரியாதை செய்வதாகத்தான் அப்பா நினைத்திருப்பார். மாமா சற்று நின்றார். பிறகு வந்து, நல்ல கையால் மூட்டையைக் கொக்கியில் மாட்டி, கும்பிட்டுத் தள்ளிவிட்டார். அது சீறிக்கொண்டு போனது. துரை கைதட்ட, எல்லோரும் தட்டினோம். என் அப்பா போட்ட கம்பி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா வழக்கமான பாதையில் இறங்கி நடந்தார். தலையில், மூட்டைக்கு அடியில் வைக்கும் துணிச் சும்மாடு மட்டும் இருந்தது. அவர் பாதி வழி போவதற்குள் இன்னும் இரண்டு மூட்டைகள் அவர் தலைக்கு மேலே பறந்தன.

சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவரிடம், என் மரப்பாச்சிக்கு மெத்தை வேண்டும், சும்மாட்டைத் தாருங்கள் என்று கேட்டேன். எத்தனையோ தடவை நான் கேட்டு அவர் மறுத்த சாமான் அது. அன்றைக்கு மறுபேச்சில்லாமல் எடுத்து என் கையில் கொடுத்தார். “வச்சுக்க புள்ள.”

நான் குதித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடிக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்ததும் முகம் கறுத்து, “மாமாகிட்ட திருப்பிக் குடு” என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. மாமாவே மனசார வேண்டாம் என்று கொடுத்த பழந்துணிக்கு அப்பாவுக்கு ஏன் கண் கலங்க வேண்டும் என்று, மெத்தை போன துக்கத்தில் அழுதுகொண்டே நான் யோசித்தேன்.