பட்டையும் பன்னியும்

எங்கள் பாகூர்ப் பக்கம் தலையில் கரண்ட் வைக்கிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான்: பைத்தியத்துக்கு வைத்தியம். என் வீட்டுக்காரருக்கு மூளையில் வந்த புற்றுக்கட்டியை அறுத்து எடுத்த பிறகு, ஒட்டியிருந்த மிச்சம் வளராமல் இருக்க, மெல்லிய மின்புலம் உண்டாக்கும் பட்டைகளை மொட்டைத் தலையில் ஒட்டி அனுப்பினார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். தோளில் பேட்டரிப் பை. இரவும் பகலும் கழற்றக் கூடாது.

ஊர் சும்மா இருக்குமா? மொட்டையைப் பார்த்து எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டவர்கள், வயரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, அண்ணனுக்குக் கரண்ட் வெக்கறாங்களாமே? நல்லாத்தான பேசினு இருந்தாரு?"

உள்ளே இருந்த மனுஷர் அப்போதே பட்டைகளைப் பிய்த்துப் போட்டார். "கட்டி வந்து செத்தாலும் சாவறேன், பைத்தியம்னு பேர் வாங்கமாட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாவதற்கு இவருக்கு என்ன அவசரம்? சென்னையில் இவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு இவர் கையில் திணித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இது ஷாக் இல்லை. புற்று அணுக்கள் பிரிந்து பெருகுவதை மின்புலம் தடுக்கும். அவை உடைந்து சிதறினால், அதுவரை கண்டுகொள்ளாத உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அதற்குத் தெம்பூட்டத்தான் பட்டையோடு கூடவே இவருக்குப் போடுகிற ஊசியும். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

கரும்பு போடுகிற மனுஷர் இவர். கொஞ்சம் யோசித்தார்.

"கரும்புக்குள்ள பூந்த பன்னி. உள்ள இருக்கற வரைக்கும் நாய்ங்களுக்குத் தெரியாது. கலைச்சிவுட்டா அதுங்க பாத்துக்கும். அதானம்மா?"

"அதேதான்" என்று டாக்டரம்மா சிரித்தது எனக்கே கேட்டது.

மறுநாள் தலையைச் சிரைத்து நானே பட்டைகளை ஒட்டினேன். தலையை மறைக்க ஒரு துண்டுகூடப் போடாமல் டீக்கடைக்குப் போனார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பன்னிக் கதைதான்.

அடுத்த ஸ்கேனுக்கு இவரோடு நானும் சென்னைக்குப் போனேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மிச்சமிருந்த கட்டி சுருங்கியிருந்தது. குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. பட்டையை விடாமல் போட வேண்டும் என்றார். இருக்கட்டும், எனக்கு அது வெற்றிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவர் முகம் சுளிப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஆயுசுக்கும் போட்டுக்கறேம்மா" என்றார். "ஆயுசு இருக்குதில்ல."